உப்புக் கரிக்கும் பிள்ளை

இங்கன ஆள் இருக்கா அண்ணாச்சி? பை மட்டுந்தானா? அப்பக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கால் கடுக்குது. காலைல இருந்து அந்தக் கண்ணாடிக் கதவு முன்னாலயே நின்னேன். நர்சம்மா வந்து, "ஐயா, அதுல சாயாதீங்க, தானாத் தெறக்குற கதவு"ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டாவ. நான் கேட்டாத்தான? பொறவு கதவே தெறந்து என்னைய உள்ள தள்ளப் பாத்துச்சு. ஒரு பொம்பளப் பிள்ள சிரிச்சிருச்சு. அதான் இந்தப் பக்கம் வந்துட்டேன்.

உங்களுக்கு யாருக்கு ஒடம்பு சரியில்ல? அம்மாவுக்கா? சரியாப் போயிரும், நல்ல டாக்டருங்க இருக்காவ. எனக்கு மகளுக்கு. சந்தனமாரின்னு பேரு, பதினஞ்சு வயசு. ஊரு தூத்துக்குடி. எம்பேரு சேர்மத்துரை, சின்னதா உப்பளம் வச்சிருக்கேன். மக உள்ள இருக்கா, அவ அம்மா செல்வக்கனியும் உள்ள இருக்கா. நான் மட்டும் வெளிய. யாரு சொல்லி? டாக்டரா சொன்னாவ? நர்சா சொன்னாவ? எம்மவ சொன்னா. "அப்பா, இன்னைக்கு நீங்க உள்ள வராண்டாம். நான் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்"னு சொல்லிட்டு, அம்மா கையப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டா. அளத்துல நான் ஒரு சத்தம் குடுத்தா அத்தன பேரும் மம்பட்டியத் தூக்கிட்டு வருவாவ. இங்க ஒரு கதவு கூட மதிக்க மாட்டேங்கு. நீங்களே நியாயத்தக் கேளுங்க.

அவளுக்கு வந்திருக்கது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். மொதல்ல வாயில நுழையாது. இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவேன். பெறக்கும்போதே கூட வார நோய். நெஞ்சுல சளி பிசின் கணக்கா கெட்டியா நிக்கும், தின்னது ஒடம்புல ஒட்டாது. அப்பன்கிட்ட பாதி, அம்மாகிட்ட பாதின்னு ரெண்டு பேரும் சேந்து குடுத்ததாம். எங்க கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாத்தாவ. பத்தும் அமோகமா இருக்குன்னாரு சோசியக்காரரு. பதினொண்ணாவது ஒண்ணு பொருந்திக் கெடந்தத அவரு எங்க கண்டாரு?

இந்த நோய்க்கு ஒரு அடையாளம் இருக்கு அண்ணாச்சி. அதக் கேட்டா என்னைய என்ன நெனப்பீங்களோ. பிள்ளைய முத்துனா, அதான் முத்தம் குடுத்தா, உப்புக் கரிக்கும்.

வேற எந்த ஊர்லயாவது பிள்ள இப்பிடிக் கரிச்சா, பெத்தவ பயந்து அன்னைக்கே டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடிருப்பா. எங்க ஊர்ல யாரு ஓடுவா? எங்க வீட்டுல கொடில காயுற சட்ட கரிக்கும், கதவுத் தாப்பாள் கரிக்கும், நாங்களே கரிப்போம். இவளுக்கு வேர்வ காஞ்சா நெத்தியில வெள்ளையாப் பொடி பூத்து நிக்கும். வந்தவ போனவ எல்லாம் அவ தாடையத் தொட்டு, விரல வாயில வச்சு முத்திட்டு, "ஏய் சேர்மத்துரை, அளத்துல விளைய வேண்டியது ஒம்மவ மேல விளைஞ்சிருக்கு"ன்னு கேலி பேசுவாவ. எனக்கா, பெரும தாங்காது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. எம்மவ ஒருநாளும் குப்பைக்குப் போகமாட்டா"ன்னு சொல்லுவேன். சொல்லிட்டு நானும் ஒரு முத்து முத்துவேன்.

இருமிக்கிட்டே இருப்பா. மூக்கு உள்ளவரைக்கும் சளி இருக்கும்னு சொல்லுவேன். மெலிஞ்சுக்கிட்டே போனா. செல்வக்கனி குடும்பமே அப்பிடி ஒல்லிதான்னு சொல்லுவேன். எல்லாத்துக்கும் எங்கிட்ட ஒரு பதில் இருந்துச்சு. டாக்டருங்க பிரைமரி காம்ப்ளக்ஸ்னு சொல்லி மருந்து குடுத்தாவ, பொறவு வேற ஏதோ சொல்லி வேற மருந்து குடுத்தாவ. அம்மனுக்கு மாவிளக்குப் போட்டோம், மந்திரிச்சுக் கயிறு கட்டுனோம். ஒம்பது வயசுல நெஞ்சுல சளி கட்டி மூச்சே விட முடியாமப் போனப்பத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

இங்க இருந்த டாக்டரம்மா எல்லாத்தையும் பாத்துட்டு, "பிள்ளைய முத்துனா உப்புக் கரிக்குதுன்னு யாராவது சொல்லிருக்காங்களா?"ன்னு கேட்டாவ. அண்ணாச்சி, அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசத்தப் பாக்கணும். இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரில, நமக்குத் தெரிஞ்ச விசயத்துல ஒரு கேள்வி. ஆரம்பிச்சிட்டேன். எங்க ஊரு வெயிலு, எங்க ஊரு காத்து, கல்லுப்பு எப்பிடி விளையும், பொடி உப்பு எப்பிடி ஆகும். விரல் நுனில ஒரு பொட்டு எடுத்து நாக்குல வச்சா எந்தப் பாத்தி உப்புன்னு சொல்லிருவேன்னு வரைக்கும் சொல்லிட்டேன். ஊர்ல உப்புக்கு ருசி பாக்க என்னையத்தான் கூப்புடுவாவ, அது பொய் இல்ல. அந்தம்மா பேனாவ மூடி வச்சிட்டு முழுசாக் கேட்டாவ. கேட்டுட்டு, "நாளைக்குக் காலைல பிள்ளைக்கு வேர்வை டெஸ்ட் எடுத்துருவோம்"னாவ.

நான் என்ன செஞ்சேன்? டெஸ்ட்டுல ஊரு உப்பு கலந்துறக் கூடாதேன்னு, லாட்ஜுல வச்சு வெந்நீர் ஊத்தி அவளக் குளிப்பாட்டச் சொன்னேன். செல்வக்கனி ஒருதடவ ஊத்துனா. எனக்குத் திருப்தி இல்ல. இன்னொரு தடவ ஊத்தச் சொன்னேன். "ஏப்பா, கருவாட்டக் கழுவுத மாதிரி கழுவச் சொல்லுதீங்க"ன்னு சிரிச்சா எம்மவ. இருமலோட சிரிச்சா.

டெஸ்ட்டுல உப்பு எக்கச்சக்கமா வந்துச்சு. மிசின் சரியில்ல, எங்க ஊருக் காத்து அப்பிடின்னு நான் வாதாடுனேன். டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாவ: "ஊருக் காத்து மேலதான் உப்பப் போடும். இது உள்ளருந்து வருது." கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைன்னு சொல்லுவாவ, நான் நாக்குலயே வச்சிக்கிட்டு ஒம்பது வருசம் அலைஞ்சிருக்கேன். யானைக்கும் அடி சறுக்கும்னு மனசத் தேத்தலாம்னு பாத்தா, யானை எங்க, நான் எங்க.

அதுக்குப் பொறவு நான் அவள முத்துறது இல்ல. வேற ஒண்ணும் இல்ல, பெரிய பிள்ள ஆயிட்டால்லா. ஒம்பது வயசு. பொம்பளப் பிள்ள வேற. அப்பன்னா ஒரு எட்டு தள்ளி நிக்கணும்லா.

வேடிக்கை என்னன்னா, வேர்வையில உப்பு வெளிய போறதால அவ உப்பு கூடத் திங்கணுமாம். டாக்டரே எழுதிக் குடுத்தாவ. ஊரே உப்பக் கொறைக்கச் சொல்லுத காலத்துல, உப்பு விக்கிறவன் வீட்டுல ஒருத்திக்கு உப்ப மருந்தா எழுதிக் குடுக்காவ. காலைல எந்திரிச்சதும் அவ முதுகத் தட்டணும். கையக் குழிச்சு வச்சித் தட்டுனா சளி எளகி வரும். அது செல்வக்கனி வேல. நானும் தட்டலாம், ஆனா பாருங்க, அந்த நேரத்துக்குன்னு எனக்கு அளத்துல சோலி வந்துரும். "மழக்காலத்துல கூடவா சோலி?"ன்னு செல்வக்கனி கேப்பா. அவளுக்கு உப்புத் தொழில் என்ன தெரியும்?

இருங்க, கதவு தெறக்குது. இல்ல, வேற யாரோ.

இப்ப எதுக்கு வந்துருக்கோம்னு கேட்டீங்கல்லா? போன வருசம் இங்க ரெஹானா மேடம்னு ஒருத்தவங்களப் பாத்தோம். இந்த நோய்ல ஆராய்ச்சி பண்ணுதாவ. அவங்கதான் எனக்குப் புரியுத மாதிரி சொன்னாவ. ஒடம்புல ஒவ்வொரு செல்லுலயும் உப்பும் தண்ணியும் போக வர ஒரு மடை இருக்காம். எம்மவளுக்கு அந்த மடைக் கதவு சரியாத் தெறக்கல. வெளிநாட்டுல அதத் தெறக்க மருந்து வந்துருச்சு. ஆனா கதவு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு விதமாக் கெட்டுப் போயிருக்குமாம். அதிகம் பேருக்கு இருக்குற கோளாறுக்குத்தான் அந்த மருந்து. எம்மவளோடது அபூர்வமான கோளாறு, உலகத்துலயே கொஞ்சப் பேருக்குத்தான் இருக்காம். இதக் கேட்டப்ப கூட ஒரு நிமிசம் நெஞ்ச நிமித்துனேன் அண்ணாச்சி. செல்வக்கனி தொடையில கிள்ளுனா.

அபூர்வம்னா ஆபத்துன்னு பொறவுதான் வெளங்குச்சு. கொஞ்சப் பேருக்காக யாரு மருந்து செஞ்சு பாப்பா? அங்கதான் ரெஹானா மேடம் ஆராய்ச்சி வருது. எம்மவ ஒடம்புல இருந்து துளியோண்டு சதைய எடுத்து, தட்டுல போட்டு வளத்து, அதுல மருந்த ஊத்திப் பாப்பாவளாம். மடை தெறந்தா உள்ள தண்ணி பாஞ்சு அது வீங்கும். வீங்குனா அந்த மருந்து இவளுக்குக் கேக்கும்னு அர்த்தம். அப்ப ஆராய்ச்சியில சேத்து, மருந்தையும் அவங்களே குடுப்பாவ. வீங்கலன்னா இல்ல. அம்புட்டுதான். எம்மவ மூச்சு அதுலதான் நிக்குது.

சதைய எங்க இருந்து எடுப்பாவன்னு கேக்காதீங்க. கேட்டுட்டீங்களா? பின்பக்கம் இருந்துதான். குடலோட கடைசிப் பக்கம். வலிக்காதாம். ஊர்ல கேட்டவங்களுக்கு நான் கையில இருந்துன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அது வளந்துச்சு பாருங்க. உருண்ட உருண்டையா, சின்னச் சின்னதா. மேடம் போட்டோ காட்டுனாவ. நான் கெஞ்சிக் கூத்தாடி என் போனுக்கு வாங்கிக்கிட்டேன். இந்தாப் பாருங்க, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க. ஜவ்வரிசி மாதிரி இருக்குல்லா? என் கொழுந்தியா வீட்டுக் கலியாணத்துல பந்தியில உக்காந்து எல்லாருக்கும் காட்டுனேன். ஜவ்வரிசிப் பாயாசம் போட்ட பந்தி. ஒரு மனுசன் எலைய மூடிட்டு எந்திரிச்சுட்டாரு. அவருக்குக் குடுத்து வச்சது அம்புட்டுதான்.

எனக்கு அந்த உருண்டைக மேல ஒரு பாசம் வந்துருச்சு. வாராவாரம் லேபுக்குப் போன் போடுவேன். "மேடம், பிள்ளைக நல்லாருக்கா? வளருதா? தண்ணி எல்லாம் மாத்தி வச்சீங்களா?"ம்பேன். பாவம், மேடமும் சிரிக்காமப் பதில் சொல்லுவாவ. ஒருநாள் நான் பேசிட்டு வைக்கும்போது சந்தனமாரி பின்னால நின்னுக்கிட்டு இருந்தா. "அப்பா, எனக்கும் நேத்துல இருந்து சளி கொஞ்சம் கூட இருக்கு"ன்னா. "அம்மாட்டச் சொல்லு தாயி"ன்னேன். போன்ல சத்தம் சரியாக் கேக்கலன்னு வேற எரிச்சல்ல இருந்தேன்.

பொறவு ஒருதடவ மேடம் பேச்சுவாக்குல, உருண்டைகள உப்புக் கலந்த தண்ணியிலதான் வளக்கோம்னு சொல்லிட்டாவ. நான் சும்மா இருப்பேனா? எந்த ஊரு உப்போ, எந்தக் கம்பெனி உப்போ. அடுத்த தடவ வரும்போது எங்க அளத்துல மொத பாத்தியில விளைஞ்ச உப்பு ஒரு பை கட்டித் தூக்கிட்டு வந்துட்டேன். "நம்ம ஊரு உப்புலயே வளரட்டும் மேடம், பழகுன உப்பு"ன்னேன். ரெஹானா மேடம் அதக் கையில வாங்கி, ஒரு கல்ல எடுத்து வாயில போட்டுப் பாத்து, "நல்ல உப்பு. வீட்டுக்கு வச்சிக்கிறேன்"னாவ. லேபுக்குள்ள விடல. எம்மவ மொகத்த மூடிக்கிட்டா.

மொத மருந்து ஊத்துனாவ. வீங்கல.

அன்னைக்கு ஊருக்குப் போயி படுத்தவன்தான் அண்ணாச்சி, மறுநாளும் எந்திரிக்கல. அளத்துக்குப் போகல, சோறு எறங்கல. எழவு வீடு மாதிரி கெடந்தேன். சந்தனமாரிதான் கஞ்சி கொண்டாந்து குடுத்தா. "அந்த உருண்டைக்குத்தான்பா கேக்கல. நான் இந்தா நிக்கேன்லா, குடிங்க"ன்னா. குடிச்சேன். உப்பு போட மறந்துட்டா. அதச் சொல்லி அவள ஏசுனேன்னு நெனைக்கேன்.

இப்ப ரெண்டு மருந்தக் கலந்து ஊத்திருக்காவ. அந்த ரிசல்ட்டுதான் இன்னைக்கு. இதுவும் வீங்கலன்னா வேற மருந்து கைவசம் இல்லன்னு மேடம் மறைக்காமச் சொல்லிட்டாவ. நேத்து ரயில்ல எனக்கு ஒறக்கமே இல்ல. அவ நல்லாத் தூங்குனா.

சரி, என்னைய ஏன் வெளிய உக்கார வச்சான்னு சொல்லலல்லா. போன தடவ வந்தப்ப ரூமுக்குள்ள போயி உக்காந்ததும் மேடம், "எப்பிடி இருக்கா, போன தடவைக்கு இப்பப் பரவாயில்லையா?"ன்னு கேட்டாவ. நான்தான் பதில் சொன்னேன். "நல்லா உருண்டு தெரண்டு வளருது மேடம், போட்டோவுல பாத்தேன்"னேன். மேடம் ஒரு மாதிரிப் பாத்துட்டு, "நான் சந்தனமாரியக் கேட்டேன்"னாவ. சந்தனமாரி என்னையப் பாக்கல, சொவத்துல இருந்த காலண்டரப் பாத்தா. இதுல என் தப்பு என்ன சொல்லுங்க? கேள்வி கேக்கும்போது பேரச் சொல்லிக் கேக்கலாம்லா. இதுக்குப் போயி அப்பன வெளிய உக்காத்தி வைக்கிறதா?

இந்தா, கதவு தெறக்குது. எம்மவதான். அண்ணாச்சி, அவ மொகத்துல ஒண்ணும் தெரியல. இவ மொகத்துல எப்பவும் ஒண்ணும் தெரியாது. செல்வக்கனி அழுதுருக்கா. அவ எல்லாத்துக்கும் அழுவா, அத வச்சும் ஒண்ணும் சொல்ல முடியாது.

ஏட்டி, என்ன சொன்னாவ? உக்காரு மொதல்ல. மூச்சு வாங்குது பாரு. வீங்குச்சா?

வீங்கிருச்சாம் அண்ணாச்சி. வீங்கிருச்சாம். தட்டுல இருந்த அத்தனையும் ஊதி நிக்குதாம். மடை தெறந்துருச்சு. மருந்து குடுக்கப் போறாவளாம். தண்ணி பாட்டில் இருக்கா? இல்ல, எனக்குத்தான். மூடியத் தெறக்க முடியல. நீங்களே தெறந்து குடுங்க.

ஏ தாயி, போட்டோ குடுத்தாவளா? இல்லையா? அப்ப நான் ஒரு எட்டு லேபுக்குப் போயி அதுகளப் பாத்துட்டு வந்துருதேன். இம்புட்டு நாள் வளந்துருக்கு, ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? நீங்க இங்கனயே உக்காருங்க.

என்னட்டி சொல்லுத? கேட்டீங்களா அண்ணாச்சி? "அதுக வேல முடிஞ்சிருச்சுப்பா. இனி மருந்து எனக்குத்தான். இனி என்னையத்தான் பாக்கணும்"ங்கா.

பாக்கத்தான் செய்வேன். பாக்காம? மருந்து கேக்குதான்னு எப்பிடித் தெரியுமாம்? இதுக்குமா மிசின்? சரி, நீயே சொல்லு.

மூச்சு லேசாகுமாம். ஆனா அதுக்கும் முன்னால வேர்வையில உப்பு கொறையுமாம். மொத மொதல்ல தெரியுற அடையாளம் அதுதானாம். எங்க பொழப்பப் பாத்தீங்களா அண்ணாச்சி. காலம்பூரா உப்பு விளையணும்னு சாமி கும்புட்டவன், இனி உப்பு கொறையணும்னு கும்புடணும். எந்தச் சாமி நம்பும்?

என்ன? நானா? நான் எப்பிடிப் பாக்க? இங்க மிசின் இருக்குல்லா, வரச் சொல்லும்போது வருவோம். நடுவுல நான் பாத்துச் சொல்லணுமா? "ஊருக்கே ருசி பாத்துச் சொல்லுதீங்கல்லா"ங்கா அண்ணாச்சி. பேச்சப் பாருங்க. சரி தாயி, மருந்து ஆரம்பிக்கட்டும், பொறவு பாக்கேன்.

இப்பவே பாக்கணுமாம். மருந்துக்கு முன்னால எம்புட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான, பொறவு கொறஞ்சது தெரியுமாம். அது சரிதான். உப்புக் கணக்கும் அப்பிடித்தான்.

இல்லட்டி, எனக்கு ஞாபகம் இருக்கு. நல்லாவே ஞாபகம் இருக்கு. புதுசாப் பாக்க வேண்டாம்.

என்ன சொன்ன?

"அது ஒம்பது வயசுப் பிள்ளையோட உப்புப்பா. அதுக்கு அப்புறம் நீங்க பாக்கவே இல்ல"ன்னு சொல்லுதா அண்ணாச்சி.

இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீங்க. செல்வக்கனி, அவள எதுக்கு அதட்டுத? அவ சரியாத்தான் சொல்லுதா.

வா தாயி. இப்பிடிக் கிட்ட வா. மொகத்தத் திருப்பு. நெத்தியா, கன்னமா? தாடையா? சரி, இரு, கையத் தொடச்சிக்கிடுதேன். என் கையே கரிக்கும், பொறவு கணக்குத் தப்பிரும்.

கரிக்குது அண்ணாச்சி.

எம்புட்டுன்னு கேக்கா. அம்புட்டும் அப்பிடியே இருக்கு தாயி. ஒரு பொட்டு கூடக் கொறையல.